மொட்டை மாடி டெக்குக்கு எந்தப் பலகை?

சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், மாடி டெக் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருவதற்கு முன் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில் இங்கே.



தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பெரியவர்கள் வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே 600 சதுர அடிக்கு டெக் போட்டு, மாலையில் உட்கார ஓர் இடம் செய்யலாம் என்று கமிட்டி முடிவு செய்து இரண்டு கொட்டேஷன் வாங்கியிருக்கிறது. ஒன்று காம்போசிட் பலகை. இன்னொன்று பிவிசி பலகை. இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "சார், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, பராமரிப்பே வேண்டாம், வாழ்நாள் முழுக்க வரும்." இரண்டும் ஒன்றே என்றால் விலை குறைந்ததை எடுத்துவிடலாம் என்று நமக்குத் தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. நான் வேலை பார்த்த வருஷங்களில் பெரும்பகுதி பிளாஸ்டிக் எக்ஸ்ட்ரூஷன் மெஷின்களோடு கழிந்ததால் இதைச் சொல்ல வந்தேன்.

முதலில், இவை என்ன என்று பார்ப்போம். டெக் என்பது அமெரிக்க வீடுகளின் வழக்கம். வீட்டுக்குப் பின்னால் மரப் பலகையில் ஒரு திறந்த திண்ணை. மரம் உளுத்துப்போகாமல் இருக்க ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றுவார்கள். 2003 இறுதியோடு அந்த மரத்தை அங்கே வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். மாற்றாக வளர்ந்தவைதான் இந்தச் செயற்கைப் பலகைகள்.

காம்போசிட் பலகையை நம் ஊர்க் கடைகளில் டபிள்யூபிசி என்பார்கள். ஏறக்குறைய பாதி மரத்தூள் அல்லது உமி, மீதி பிளாஸ்டிக். டெக் பலகையில் அந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் எச்டிபிஇ, அதாவது பால் கேன் செய்கிற அதே ரகம். பிவிசி டெக் பலகையில் மரமே கிடையாது. பிவிசியை நுரை மாதிரிப் பொங்க வைத்து, நெருக்கமான சிறு குமிழ்களோடு இழுத்து, மேலே வெயில் தாங்கும் கெட்டியான தோல் போர்த்தியிருப்பார்கள்.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது, கவனியுங்கள். நம் வீட்டு பாத்ரூம் கதவையும் டபிள்யூபிசி கதவு என்றுதான் விற்கிறார்கள். அது பெரும்பாலும் நுரை பிவிசியில் தூள் கலந்தது. ஒரே பெயரில் இரண்டு சரக்கு. ஆகவே "டபிள்யூபிசியா?" என்று கேட்டால் போதாது. "எந்த பிளாஸ்டிக்? மரத்தூள் எத்தனை சதவீதம்?" என்று கேட்க வேண்டும். பதில் எழுத்தில் வர வேண்டும்.

சரி, நம் மாடியில் இந்தப் பலகை யாரோடு மல்லுக்கட்டப் போகிறது? மூன்று பேரோடு: தண்ணீர், வெயில், தீ. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர். காம்போசிட்டில் இருக்கும் மரத்தூள் பிளாஸ்டிக்குக்குள் பொதிந்திருந்தாலும் அது மரம்தான். பலகையை அறுத்த முனையிலும் திருகு போட்ட ஓட்டையிலும் தண்ணீரை மெல்ல உறிஞ்சும், கொஞ்சம் உப்பும். மேலே தோல் போர்த்தாத பழைய ரகத்தில் பாசியும் பூஞ்சையும் பிடிக்கும். நான்கு பக்கமும் தோல் போர்த்திய ரகம் எவ்வளவோ தேவலை. ஆனால் சிலர் மேல்பக்கமும் ஓரங்களும் மட்டும் போர்த்தி, அடிப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் ஈரம் காயாத இடம் அந்த அடிப்பக்கம்தான். பிவிசியில் உறிஞ்ச மரம் இல்லை. தண்ணீர் விஷயத்தில் பிவிசிக்கு முழு மார்க்.

இரண்டாவது வெயில். இங்கே கதை மாறுகிறது. சூட்டில் எல்லாப் பலகையும் நீளும், பிவிசி கூடுதலாக நீளும். 3 மீட்டர் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியற்காலையில் 22 டிகிரி. அக்னி நட்சத்திர மதியத்தில் பலகையின் மேல்பரப்பு 62 டிகிரி என்று வையுங்கள். இந்த 40 டிகிரி வித்தியாசத்துக்கு பிவிசி பலகை 6 முதல் 7 மி.மீ. நீளும். காம்போசிட் 4 முதல் 5 மி.மீ. முனைக்கு முனை இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டால், மே மாதத்தில் பலகை வில் மாதிரி வளைந்து எழும்பும். வயதானவர்கள் கால் தடுக்கி விழுவதற்கு அதுவே போதும். இன்னொன்று, பிவிசி 80 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். வெறும் வெயிலில், வெளிர் நிறப் பலகை அந்த அளவுக்குப் போகாது. கறுப்பு, அடர் காபி நிறப் பலகை ஆபத்தான அளவுக்கு அருகே போகும். எதிரே சூட்டைத் திருப்பி அடிக்கும் பூச்சுக் கண்ணாடி ஜன்னல் இருந்தால், அதன் பிரதிபலிப்பும் சேர்ந்து பலகையை உருக்கிவிடும்.

வெறுங்கால் வைக்கும் சூட்டைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். மே மாத மதியம் இரண்டு மணிக்கு எந்தப் பலகையிலும் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அப்படி நிற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே நிறத்தில் ஒப்பிட்டால், நுரை பிவிசி எடை குறைவானது, அதனால் தேக்கி வைக்கும் சூடும் குறைவு. பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறும். கனமான காம்போசிட் இன்னும் கொஞ்ச நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மேல் மாடிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: எந்தப் பலகையானாலும் அடியில் காற்றோட்டம் இருந்தால் அது தளத்துக்குக் குடை மாதிரி. கீழே வீட்டில் சூடு குறையும்.

மூன்றாவது தீ. கொட்டேஷனில் இந்த வார்த்தையே இல்லை. தீபாவளி இரவு நம் மாடியில் எத்தனை ராக்கெட் வந்து விழுகிறது என்று காவலாளித் தம்பியைக் கேளுங்கள், மறுநாள் காலை அவர்தான் பொறுக்குகிறார். டெக் பலகைகளின் இடுக்கில் காய்ந்த இலையும் தூசியும் சேரும். அதில் ஒரு பொறி விழுந்தால் போதும். எச்டிபிஇயும் மரத்தூளும் கலந்த பலகை பற்றிக்கொண்டால் விறகு மாதிரித் தொடர்ந்து எரியும். பிவிசியில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின். அது எளிதில் பற்றாது, தீயை விலக்கினால் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். ஆனால் எரிகிற நேரத்தில் கரும்புகையும் கண்ணை, மூச்சை அறுக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும். திறந்த மாடியில் அந்தப் புகை கலைந்து போகும். படுக்கையறையை ஒட்டிய பால்கனியில் வீட்டுக்குள்தான் வரும். இதை நினைவில் வையுங்கள், பால்கனிக்குத் திரும்ப வருகிறேன்.

எடை பற்றியும் ஒரு கேள்வி வந்தது. 25 மி.மீ. தடிமனில், உள்ளே கூடில்லாத காம்போசிட் சதுர அடிக்கு ஏறக்குறைய 3 கிலோ. பிவிசி ஏறக்குறைய 1.5 கிலோ. 600 சதுர அடிக்கு முதலாவது 1.8 டன், இரண்டாவது 0.9 டன். ஆட்கள் ஏறி நடக்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. பலகை அதில் சிறு பங்குதான். பயப்பட வேண்டியது டெக்கைச் சுற்றி வைக்கப் போகிறோம் என்று சொல்கிற மண் தொட்டிகளுக்கு. நனைந்த மண் ஒரு அடி ஆழம் இருந்தால், சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். ஆகவே பலகை எதுவானாலும், தொட்டிகள் எங்கே வரும் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் வைக்க வேண்டும்.

எடை குறைவு என்பதில் ஒரு பாதகமும் உண்டு. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில் என்ன செய்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். லேசான பலகையைக் காற்று சுலபமாகத் தூக்கும். எனவே பலகைகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த ஒரே அலுமினியச் சட்டத்தில் திருகப்பட்டிருக்க வேண்டும். ஒன்றோடொன்று கோத்துத் தரையில் சும்மா பரப்புகிற டெக் டைல் மொட்டை மாடிக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது பலகைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். என் அக்கா வீட்டில் நடந்தது இது. அவர்கள் வீட்டை ஒட்டித் தனியாக ஒரு சின்ன மாடி. அதன் அடியில் இன்னொரு குடும்பத்தின் படுக்கையறை. விலை மலிவு என்று உள்ளே கூடுள்ள, தோல் போர்த்தாத காம்போசிட் பலகை போட்டார்கள். வேலைக்கு வந்தவர் சட்டம் ஆடாமல் இருக்கத் தளத்தில் துளை போட்டு, போல்ட் அடித்து முடுக்கிவிட்டார். வாட்டர்ப்ரூஃபிங் அன்றைக்கே போயிற்று. இரண்டாவது மழைக்காலத்தில் பலகை முனைகள் உப்பி, கதவைத் திறக்க முடியவில்லை. அதைவிட மோசம், கீழ் வீட்டுப் படுக்கையறையின் சீலிங்கில் ஈரம். பத்து வருஷம் பொங்கலுக்குப் பொங்கல் பாத்திரம் மாற்றிக்கொண்ட இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டது. கடைசியில் எல்லாப் பலகையையும் கழற்றித்தான் ஓட்டையைத் தேட வேண்டியதாயிற்று.

நம் டெக்குக்கு அடியில் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே தளத்தில் ஒரு துளைகூடப் போடக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் முதல் வரியாக எழுதச் சொல்கிறேன். உயரம் சரிசெய்யும் பெடஸ்டல்களை, அடியில் ரப்பர் வைத்து, தளத்தின் மேல் நிறுத்த வேண்டும். அதற்கு முன் டெக் வரும் இடத்தில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ் வீடுகளில் ஈரம் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மழைநீர் வடியும் துவாரங்களுக்கு மேலே உள்ள பலகைகள் கையால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலை அடைத்து, அடியில் தண்ணீர் நின்று, டெங்கு கொசுவை நாமே சாப்பாடு போட்டு வளர்ப்போம்.

இன்னொரு விஷயம். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நம் மாடித் தண்ணீர் நேரே கிணற்றுக்குப் போகிறது. பலகையை மாடியில் வைத்து அறுத்தால், அந்தத் தூள் முழுவதும் முதல் மழையில் கிணற்றுக்குள் போகும். அறுக்கும் வேலை எல்லாம் கீழே, தார்ப்பாய் விரித்து நடக்க வேண்டும். துண்டுகளை கம்பெனிக்காரரே எடுத்துச் செல்ல வேண்டும். போகிப் பண்டிகை நெருப்பில் யாரும் போட்டுவிடக் கூடாது, பிவிசித் துண்டை நிச்சயமாகக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எது என்று கேட்பீர்கள். என் யோசனை இது.

பொது மாடிக்கு வெளிர் நிற பிவிசி. காரணம் எளிது. பிவிசியின் பலவீனம் வெயில். வெயிலை நாம் சமாளிக்க முடியும்: வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறம் எடுக்கலாம், சட்டங்களை 400 மி.மீ.க்குப் பதில் 300 மி.மீ. இடைவெளியில் வைக்கலாம், முனைகளில் நீள்வதற்கு இடம் விடலாம். அந்த இடத்துக்கு எதிரே கண்ணாடி ஜன்னல் இல்லை என்பதையும் பார்த்துவிட்டேன். மார்கழியில் வேலை செய்தால் இடைவெளி கூடுதலாக, மே மதியத்தில் செய்தால் குறைவாக விட வேண்டும் என்பதை வேலையாளுக்கு நின்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காம்போசிட்டின் பலவீனம் தண்ணீரும் தீயும். உறிஞ்சிய தண்ணீரையும் பற்றிய தீயையும் பின்னால் சரிசெய்ய நம்மிடம் வழி இல்லை. நம் மாடியில் மூன்று மாத மழை நிச்சயம், தீபாவளியும் நிச்சயம்.

பணம் போதாது என்றால் என்ன செய்வது? பிவிசி கொட்டேஷன் கூடுதல் என்பது உண்மை. அதற்காக மலிவான, தோல் போர்த்தாத, கூடுள்ள காம்போசிட்டுக்கு இறங்க வேண்டாம். 600 சதுர அடியை 350 ஆக்குங்கள். மீதி இடத்தில் இருக்கும் தட்டோடு அப்படியே இருக்கட்டும். வடாம் காயப்போடுகிறவர்களுக்கும் இடம் வேண்டாமா?

பால்கனியில் தனியாகப் போட நினைப்பவர்களுக்கு: மேற்கு வெயிலும் கண்ணாடிக் கதவும் சேர்ந்த பால்கனியில் பிவிசி வேண்டாம். நான்கு பக்கமும் தோல் போர்த்திய வெளிர் நிறக் காம்போசிட் பரவாயில்லை. ஆனால் தீ என்று வந்தால் இரண்டுமே வீட்டை ஒட்டி இருக்கும். கார்த்திகை விளக்கையும் கொசுவர்த்தியையும் அதன் மேல் நேராக வைக்காதீர்கள், ஒரு தட்டில் வையுங்கள். என்னைக் கேட்டால், நல்ல டைல் இருக்கும் பால்கனிக்குப் பலகையே தேவையில்லை.

வாங்குவதற்கு முன் கம்பெனிக்காரரிடம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, பலகை ஏ.எஸ்.டி.எம். டி7032 அல்லது ஐரோப்பிய இ.என். 15534 தரத்துக்குச் சோதிக்கப்பட்டதா, சான்று எங்கே? இரண்டு, பிவிசி என்றால் ஈயம் கலக்காததா? குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்த 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அது குழாய்க்கும் அதன் இணைப்புகளுக்கும்தான், பலகைக்கு இல்லை. ஆகவே கால்சியம்-ஜிங்க் சேர்த்ததா என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். மூன்று, வாரன்டி வீட்டு உபயோகத்துக்கா, வணிக உபயோகத்துக்கா? சங்கத்தின் பொது மாடியை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள், இரண்டுக்கும் வருஷக்கணக்கு வேறுபடலாம். நான்கு, ஒரு அடி நீளத்தில் மாதிரித் துண்டு கொடுங்கள்.

அந்த மாதிரித் துண்டை வைத்து வீட்டிலேயே மூன்று சோதனை செய்யலாம். வாளித் தண்ணீரில் போடுங்கள்: நுரை பிவிசி மிதக்கும், மரத்தூள் கலந்த எச்டிபிஇ பலகை முங்கும். பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே என்ன சரக்கு என்பது அந்த நிமிடமே ஓரளவு தெரிந்துவிடும். இரண்டாவது, சமையலறைத் தராசில் எடை போட்டு, ஒரு வாரம் தண்ணீரில் முக்கி வைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடியிருக்கும் எடைதான் அது குடித்த தண்ணீர். மூன்றாவது, மதிய வெயிலில் மாடியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இந்த மூன்றும் செய்ய ஒரு பைசா செலவில்லை. இரண்டு கம்பெனியின் துண்டுகளும் செயலாளர் அறையில் இருக்கின்றன. விருப்பமுள்ளவர்கள் எடுத்துச் சென்று செய்து பார்த்து, எடையை அங்குள்ள நோட்டில் எழுதுங்கள்.

தீர்மானத்தில் நான் ஒரே ஒரு திருத்தம் கேட்கிறேன். "குறைந்த விலை கொட்டேஷனை ஏற்பது" என்று இருக்கிறது. அதை "தளத்தில் துளை போடாமல், நீர்க்கசிவு சோதனை முடித்து, மாதிரித் துண்டுச் சோதனைக்குப் பின் ஏற்பது" என்று மாற்றுங்கள். கீழே இருக்கும் நான்கு வீட்டுக்காரர்களும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகே வேலை தொடங்கட்டும். மேலே நாம் காற்று வாங்குவது, கீழே ஒருவர் வீட்டில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கும் நிலைக்குப் போய்விடக் கூடாது.

பதினைந்து நிமிடம் கொஞ்சம் தாண்டிவிட்டது, மன்னிக்கவும்.